இசைந்த குரல்கள்

திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் செல்லும் வழியில், கடலோசை கேட்கும் தொலைவில் அமைந்தது விம்கோ நகர். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'விம்கோ' ஆயின. தீக்குச்சி செய்த தொழிற்சாலை ஊருக்குப் பெயர் தந்தது. சுற்றியிருந்த ஆலைகளும் துறைமுகமும் ஊராருக்குப் பிழைப்புத் தந்தன. எந்திர ஒலியும் இரயில் ஒலியும் கேட்டுப் பழகிய செவிகள் அவ்வூராருடையவை. ஆயினும் இன்னிசையும் அச்செவிகளுக்குப் புதிதன்று. ஒற்றியூர்த் தியாகேசர் திருக்கோயிலில் நாகசுரம் ஒலிக்கும். வைகறையில் பள்ளிவாசலின் பாங்கொலி எழும். ஞாயிறுதோறும் தெருக்கோடியிலுள்ள சிறிய தேவாலயத்திலிருந்து ஆர்மோனியத்தின் நாதம் தவழ்ந்து வரும்.

அத்தேவாலயத்தின் பாடற்குழுவில் நாற்பது ஆண்டுகள் பாடியவர் ஒரு முதியவர். இளமையில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் உழைத்தவர். பகலெல்லாம் எந்திரங்களின் நடுவே நின்று களைத்தாலும், மாலையில் பாட்டுப் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறியதில்லை. குழுப்பாட்டின் நால்வகைக் குரல்களுள் 'பாஸ்' எனப்படும் அடிக்குரல் அவருடையது. வீட்டின் கடைக்கால் போன்றது அக்குரல். கடைக்காலைக் கண்டு வியப்பார் யாரும் இலர். அது தளர்ந்தால் வீடு முழுவதும் ஆட்டங்காணும்.

ஓராண்டு கார்த்திகை மாதத்தில் அவருடைய தொண்டை நலிவுற்றது. நீண்ட அடிகளைப் பாடி முடிக்க மூச்சுப் போதவில்லை. அவரை விலகுமாறு ஒருவரும் சொல்லவில்லை. எவரும் சொல்லுமுன் தாமே விலகுவது நன்றென அவர் கருதினார். பயிற்சி முடிந்த ஒரு மாலையில், அட்டை தேய்ந்த தம் பாட்டுப் புத்தகத்தை அருகில் நின்ற இளைஞனிடம் கொடுத்து, "இனி இந்த இடம் உன்னுடையது, தம்பி" என்றார். வேறு ஒன்றும் கூறாமல் வீடு திரும்பினார்.

அவருடைய பேத்தியும் அக்குழுவில் பாடுபவள்; ஒன்பதாம் வகுப்பு மாணவி. கிறிஸ்துமஸ் நாளின் விடியற்கால ஆராதனையில், தமிழ்க் கீர்த்தனை ஒன்றின் பல்லவியைத் தனிக்குரலில் எடுத்துப் பாடும் பொறுப்பு அவளுக்கு அளிக்கப்பெற்றிருந்தது. அவளுக்கோ அதில் மனம் செல்லவில்லை. பள்ளித் தோழியர் ஆங்கிலக் கீதங்களை நான்கு குரல்களில் இனிமையாகப் பாட, தான் மட்டும் தாளத்தோடு கீர்த்தனை பாடுவதா என்று நாணினாள். "வேறு யாரேனும் பாடட்டும், தாத்தா" என்றாள்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. "நகரத்துப் பேராலயத்தில் நாளை மாலை கீத ஆராதனை நடைபெறுகிறது. இருவரும் சென்று கேட்டு வருவோம், அம்மா. அதன்பின் நீயே முடிவு செய்" என்றார்.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ இரயில் விம்கோ நகரை எட்டியது. முன்னாளில் பேருந்துகளில் நெரிசலுக்கும் புழுதிக்கும் நடுவே செய்த பயணம் இன்று எளிதாகிவிட்டது. மறுநாள் மாலை இருவரும் அவ்வண்டியில் அமர்ந்தனர். உயர்ந்த பாலத்தின்மேல் வண்டி செல்லும்போது முதியவர் மேற்குத் திசையைக் காட்டி, "அதோ, அப்பக்கம் இருப்பது மணலி. அவ்வூருக்கும் நாம் கேட்கப்போகும் இசைக்கும் ஒரு தொடர்பு உண்டு" என்றார்.

பேத்தி வியப்புடன் நோக்கினாள். எண்ணெய் ஆலைகளின் புகைபோக்கிகளையன்றி மணலியில் இசையை அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

முதியவர் கூறியது இது: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மணலியில் வாழ்ந்த முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர், இசைவாணர் இராமசாமி தீட்சிதரை வரவேற்று ஆதரித்தார். தீட்சிதரின் மக்களுள் மூத்தவரே, கருநாடக இசையின் மும்மணிகளுள் ஒருவராகப் போற்றப்பெறும் முத்துசாமி தீட்சிதர். முதலியாரின் குடும்பம் ஆங்கிலக் கம்பெனியாரோடு தொடர்புடையதாதலின், தீட்சிதர் உடன்பிறந்தார்க்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியரின் வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. தம்பியாகிய பாலசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதனை நம் இசைக்கு ஏற்ற கருவியாக்கினார். அண்ணனாகிய முத்துசாமி தீட்சிதர் அவ்வாத்தியக் குழு இசைத்த மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' என வழங்கும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. இன்றும் இளஞ்சிறார்க்கு அவற்றைக் கற்பிக்கின்றனர்.

"அவர்கள் பிறர் இசையைக் கண்டு அஞ்சவும் இல்லை, அதன்முன் தம் இசையைத் தாழ்வாக எண்ணவும் இல்லை. வேண்டியதைக் கற்றுக்கொண்டனர், தம்முடையதைக் கைவிடாமல் இருந்தனர். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நம் நாட்டில் காண்பது அரிதன்றோ?" என்று முதியவர் கேட்டார்.

வண்டி நிலத்தடியில் புகுந்து, மண்ணடியைக் கடந்து, உயர்நீதிமன்ற நிலையத்தில் நின்றது. அவ்விடத்திற்கு அருகிலேதான் புனித ஜார்ஜ் கோட்டை உள்ளது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680-ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பெற்றது. இந்தியாவிலுள்ள ஆங்கிலிக்கன் ஆலயங்களுள் மிகப் பழமையானது. பீரங்கிக் குண்டுக்கும் அசையாதவாறு அதன் கூரையைத் தடித்த வளைவுகளாகக் கட்டினர். அந்நாளில் அது கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்குரிய ஆலயமாகவே விளங்கியது; வழிபாடும் ஆங்கில மொழியிலேயே நிகழ்ந்தது.

ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்து, கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தை இருவரும் அடைந்தனர். 1816-ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பெற்ற அவ்வாலயம், 1835-ஆம் ஆண்டில் சென்னை ஆங்கிலிக்கன் பேராயத்தின் தலைமை ஆலயமாயிற்று. பருத்த வெண்தூண்கள் வரிசையாக நின்று முகப்பைத் தாங்குகின்றன. மேலே கூர்ங்கோபுரம் வானளாவி நிற்கின்றது. மரங்கள் சூழ்ந்த அவ்வளாகத்துள் அடி வைத்ததும் சாலையின் இரைச்சல் பின்னே தங்கிவிடும்.

ஆங்கிலிக்கன் மரபில் வழிபாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. போதகர் ஒரு வாக்கியம் கூறச் சபையார் மறுவாக்கியம் கூறுவர், சங்கீதங்களைப் பண்ணோடு ஓதுவர், திருமறைப் பகுதிகளை வாசிப்பர், மன்றாடுவர், கீதம் பாடுவர். பேசுபவர் ஒருவர், கேட்பவர் பலர் என்றில்லாமல், எல்லார்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாட்களில் நிகழும் 'ஒன்பது வாசகங்களும் கீதங்களும்' என்னும் ஆராதனையும் அவ்வாறே அமைந்தது. 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் துரூரோ நகரில் பென்சன் என்னும் பேராயர் அம்முறையைத் தொடங்கினார். முதல் உலகப் போர் ஓய்ந்த 1918-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அது புது வடிவம் பெற்றது. போர்க்களத்தில் மதகுருவாகப் பணிபுரிந்து திரும்பிய மில்னர் ஒயிட் என்பவரே அதனை அங்கு அமைத்தவர். மடிந்தவர்களை எண்ணி வாடிய மக்களுக்கு அவ்விசை ஆறுதலாயிற்று. பாடற்குழுவின் சிறுவன் ஒருவன் முதல் வாசகத்தைப் படிப்பான். பின்னர் ஒருவர்பின் ஒருவராகப் படித்து, இறுதி வாசகத்தைத் தலைவர் படிப்பார். இளையோர் தொடங்க மூத்தோர் நிறைவு செய்வது அம்முறையின் அழகு.

அன்று மாலை பேராலயத்தில் விளக்குகள் மங்க, மெழுகுவத்திகள் ஒளிர்ந்தன. ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியது. குழல் ஆர்கன் என்பது காற்றினால் இயங்கும் பெருங்கருவி. கட்டையை அழுத்தினால் உரிய குழலுக்குள் காற்றுப் புகுந்து சுரம் பிறக்கும். 8 அடி நீளக் குழல் தரும் சுரத்தைவிட 16 அடி நீளக் குழல் தரும் சுரம் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். குழல் நீள நீள ஒலி ஆழ்ந்து செல்லும். மிகத் தாழ்ந்த சுரங்களைக் காது கேட்குமுன் நெஞ்சம் உணரும். முதியவர் கண்களை மூடிக்கொண்டார். தம்மைவிட்டு நீங்கிய குரல் அக்குழல்களின் வழியே மீண்டு வந்ததுபோல் அவர்க்குத் தோன்றியிருக்கலாம்.

பாடற்குழு நான்கு குரல்களில் பாடியது. சோப்ரானோ மேலே பறந்தது. ஆல்ட்டோ அதன் நிழலாய்த் தொடர்ந்தது. டெனர் இடையே ஊடாடியது. பாஸ் அடியில் நின்று தாங்கியது. நான்கும் வெவ்வேறு வழியில் சென்றன. ஆயினும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பாட்டைப் பாடிக்கொண்டே பிறர் பாட்டையும் கேட்டனர். அங்ஙனம் கேளாமல் பாடுவோர் எத்துணைப் பேராயினும் அது கூச்சலேயன்றிக் குழுப்பாட்டு ஆகாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பேத்தி மெல்லிய குரலில், "எவ்வளவு அழகு, தாத்தா! நம் கீர்த்தனை இதற்கு ஈடாகுமா?" என்று கேட்டாள்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. மரத்தடியில் இருந்த மேடையில் அமர்ந்து, அவளையும் அருகே அமர்த்திக்கொண்டார்.

"இக்கேள்வியை உனக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கேட்டனர், அம்மா. அதற்கு விடையளித்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்" என்று தொடங்கினார்.

வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்றவர். தஞ்சையை ஆண்ட சரபோசி மன்னரும் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரே. சாஸ்திரியார் கிறிஸ்தவ சமயப் பொருளைத் தமிழ்ப் பண்ணிலும் தமிழ்ப் பாவிலும் பாடினார். நாட்டு மக்கள் விரும்பிய குறவஞ்சி வடிவில் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். ஆயினும் பின்னாளில் வந்த மேனாட்டுக் குருமார் சிலர், நாட்டு மெட்டும் நாட்டுத் தாளமும் ஆலயத்திற்கு ஏற்றவையல்ல என்று தடுத்தனர். சாஸ்திரியார் இசையவில்லை, தமிழர் தம் இசையிலேயே இறைவனைப் பாடுவர் என்று வாதாடினார். 1853-ஆம் ஆண்டில், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர், பொது வழிபாட்டுக்கெனத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் இடம்பெற்றன. தம் பாடல்கள் ஆலயந்தோறும் ஒலிப்பதை அறிந்த பின்னரே, 1864-ஆம் ஆண்டில் அப்பெருங்கவிஞர் கண் மூடினார்.

"அவரிடம் குறையே இல்லையா, தாத்தா?"

"இருந்தது. ஆலயத்தில் சாதி வேற்றுமை பாராட்டித் தனித்தனியே அமரும் வழக்கத்தை அவர் ஆதரித்தார். அது பிழையே. ஆனால் அவருடைய பாட்டு அவரினும் பெரிதாயிற்று. இன்று அதனைப் பாடும்போது யார் எவ்வரிசையில் அமர்ந்தார் என்று கேட்பார் இல்லை. கவிஞர் பிரித்து அமர்த்தியவர்களைக் கவிதை ஒன்றாக அமர்த்திவிட்டது."

பேத்தி சிறிது நேரம் எண்ணமிட்டாள். முதியவர் ஆலயத்தின் வாயிலைச் சுட்டிக்காட்டினார்.

"இதே ஆலயத்தில், நம் நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களுக்குப்பின், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை தம் வேறுபாடுகளைக் கடந்து ஒன்றாயின. 1919-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் நம்மவர் கூடி விடுத்த வேண்டுகோள் கனிவதற்கு 28 ஆண்டுகள் ஆயின. அதற்காகப் பாடுபட்ட பேராயர் அசரியா, திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். ஒன்றிப்பைக் காணாமலே 1945-ஆம் ஆண்டில் மறைந்தார். அந்தத் திருச்சபை 1950-ஆம் ஆண்டில் வகுத்த வழிபாட்டு முறையில், சமாதான வாழ்த்தினைக் கைக்குக் கை அளிக்கும் பழைய கீழ்நாட்டு வழக்கம் சேர்க்கப்பட்டது. நம் சிறிய ஆலயத்திலும் நீ அதனைக் காண்கிறாய் அல்லவா? குருவானவர் தொடங்கி வைக்கும் வாழ்த்து கடைசி வரிசையில் இருக்கும் கிழவி கைவரை வந்து சேர்கிறது. பாட்டும் அப்படித்தான். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வரவேண்டும். இடையில் ஒருவர் கையை மடக்கிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும்."

இருவரும் சாலைக்கு வந்தனர். முதியவர் கிழக்கே கைநீட்டி, "இச்சாலையின் மறுகோடியில் இருப்பது மியூசிக் அகாதெமி. 1928-ஆம் ஆண்டில் தோன்றிய சங்கீத சபை. டிசம்பர் வந்தால் இந்தச் சாலையின் ஒரு முனையில் ஆர்கன் ஒலிக்கும். மறுமுனையில் தம்பூரா ஒலிக்கும். இரண்டும் இச்சாலைக்கு உரியவைதாம். இது உயர்ந்ததா, அது உயர்ந்ததா என்று சாலை கேட்பதில்லை" என்று கூறிப் புன்னகை புரிந்தார்.

பேத்தி வண்டியில் ஒன்றும் பேசவில்லை. விம்கோ நகரில் இறங்கியபோது மட்டும், "பல்லவியின் இரண்டாம் அடியில் மூச்சை எங்கே எடுப்பது, தாத்தா?" என்று கேட்டாள். முதியவர் வழியெல்லாம் அதனைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

கிறிஸ்துமஸ் நாள் விடிவதற்குமுன் சிறிய ஆலயம் நிறைந்துவிட்டது. வாயிலில் காகித விண்மீன் ஒளிர்ந்தது. இரவுப் பணி முடித்து நேரே வந்த தொழிலாளரும், உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்த தாய்மாரும் பாயில் நெருங்கி அமர்ந்திருந்தனர். முதியவர் அவர்களிடையே இருந்தார். பாடற்குழுவில் அவர் நின்ற இடத்தில் அந்த இளைஞன் நின்றான். அட்டை தேய்ந்த புத்தகம் அவன் கையில் விரிந்திருந்தது.

ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. மிருதங்கம் மெல்ல எழுந்தது. பேத்தி பல்லவியை எடுத்தாள். முதலடி தெளிவாக ஒலித்தது. இரண்டாம் அடியில் அவள் குரல் நடுங்கியது. அத்தனைக் கண்களும் தன்மேல் இருப்பதை உணர்ந்தாளோ என்னவோ, எடுக்க வேண்டிய மூச்சைத் தவறவிட்டாள். பாட்டு அறுபடும் நிலையில் இருந்தது.

அப்போது பாயில் அமர்ந்திருந்த கூட்டத்திலிருந்து தாழ்ந்த குரல் ஒன்று எழுந்தது. அது நலிந்த குரல். சற்றே கரகரத்த குரல். ஆயினும் சுருதி தவறாத குரல். விட்ட அடியை அது தாங்கிப் பிடித்தது. அதனைக் கேட்டு இளைஞன் தன் குரலைச் சேர்த்தான். அவனைக் கேட்டுக் குழுவினர் சேர்ந்தனர். கணப்பொழுதில் ஆலயம் முழுவதும் பாடியது. பேத்தியின் குரல் நடுக்கம் நீங்கி, அத்தனைக் குரல்களுக்கும் மேலே தெளிந்து எழுந்தது. அதனைக் கேட்டதும் முதியவர் தம் குரலைத் தணித்துக்கொண்டார். பாடற்குழுவைவிட்டு இறங்கியவர் பாட்டைவிட்டு இறங்கவில்லை.

'இசை' என்னும் சொல்லுக்குத் தமிழில் பண் என்பது ஒரு பொருள். புகழ் என்பது மற்றொரு பொருள். 'இசைதல்' என்றால் ஒன்றோடொன்று பொருந்துதல் என்பது பொருள். பண்ணால் புகழ் பெறுவோர் உலகில் பலர். பிறரோடு பொருந்தி நிற்கும் பேறு பெற்றவரே பண்ணின் முழுப் பொருளையும் அறிந்தவர். பிறர் மொழியின் அழகைக் கேட்டு மகிழும் செவியும், தம் மொழியில் பாட நாணாத நாவும் ஒருவர்க்கு ஒருங்கே வாய்க்குமாயின், அவருடைய குரல் எந்தக் குழுவிலும் இசையும்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வாழ்த்துக் கூறிக் கலைந்தனர். இளைஞன் முதியவரிடம் வந்து, "தாத்தா, தைத் திங்களில் பயிற்சி தொடங்கும்போது நீங்களும் வரவேண்டும். பாட வேண்டா, கேட்டுத் திருத்தினால் போதும்" என்றான். முதியவர் தலையசைத்தார். கீழ்த்திசையில் கடலின்மேல் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. பேத்தி பல்லவியை மெல்ல முணுமுணுத்தவாறே அவர் கையைப் பற்றிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.